மஞ்சள் உள்ளேயா, நுனியிலா? கொல்லையில் இரண்டு ஊசியிலை மரங்களோடு ஓராண்டு

ஒட்டாவாவில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது 2021 கோடையில். கொல்லையில் இரண்டு ஊசியிலை மரங்கள். வேலியோரம் ஓங்கி நிற்பது வெள்ளை பைன். அதைத் தாண்டி, மழைநீர் தேங்கி எந்நேரமும் சொதசொதவென்று கிடக்கும் மூலையில், மெல்லிய ஊசிகளோடு இன்னொரு மரம். அதன் பெயர் அப்போது தெரியாது. ஊசியிலை மரம் என்றால் ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. மேப்பிள் சிவந்து உதிரும், பைன் பனியிலும் பச்சையாக நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்டோபர் முதல் வாரம் ஒரு காலையில் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது பைனைப் பார்த்தேன். மரத்தின் உட்பக்கம் முழுக்க மஞ்சள். காற்றடித்தால் ஊசிகள் கொத்துக் கொத்தாகச் சுழன்று விழுந்தன. அடுத்த பத்து நாளில் மூலையில் இருந்த மரமும் நிறம் மாறியது. அது உட்பக்கம் மட்டுமல்ல, அடி முதல் நுனி வரை மஞ்சளாகி, பிறகு பழுத்த எலுமிச்சையையும் தாண்டி, வெயில் படும்போது பொன்னாகவே நின்றது. பார்க்க அவ்வளவு அழகு. எனக்கோ வயிற்றைக் கலக்கியது. கோடையில் தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிட்டோமோ, புல்லுக்குப் போட்ட உரம் வேரைச் சுட்டுவிட்டதோ என்று என்னென்னவோ ஓடியது.

மரம் வெட்டும் ஒருவரை வரவழைத்தோம். அவர் வண்டிப் பாதையில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். பைன் பாதி போய்விட்டது, மூலையில் இருப்பது முழுசாகப் போய்விட்டது, பனி விழுவதற்குள் இரண்டையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லி விலைச்சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கிளையைக்கூட அவர் தொட்டுப் பார்க்கவில்லை. அன்று அவர் சொன்னதை நம்பியிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது ஆண்டுக்கு மேலாக இந்தத் தெருவில் இருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து விலைச்சீட்டு விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்னது: “தம்பி, உது சாகேல்லை. உது இலை கொட்டுற சாதி. ஒவ்வொரு வருசமும் உப்பிடித்தான். மே மாசம் மட்டும் பொறுத்துப் பாருங்கோ, பிறகு வெட்டுறதைப் பற்றி யோசிப்பம்.”

“பைனும் அப்படித்தானா அக்கா?”

“பைன் பழசைத்தான் கொட்டும். நுனியைப் போய்ப் பாருங்கோ, பச்சையாத்தான் இருக்கும்.”

போய்ப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கிளையிலும் கடைசி ஒரு சாண் நீளத்துக்குத் துளி மஞ்சள் இல்லை. மஞ்சளெல்லாம் அதற்கு உள்ளே, தண்டை ஒட்டிய பகுதியில். நான் தூரத்திலிருந்து பார்த்தபோது இரண்டும் கலந்து, மரமே வெளிறிப்போனதாகத் தெரிந்திருக்கிறது.

நவம்பர் பாதிக்குள் மூலை மரம் மொட்டையாகிவிட்டது. மனசு கேட்காமல் ஒரு சோதனை செய்தேன். பென்சில் பருமனுள்ள ஒரு குச்சியில் கட்டைவிரல் நகத்தால் பட்டையை மெல்லக் கீறிப் பார்ப்பது. செத்த குச்சி என்றால் அடியில் காய்ந்த பழுப்பாக இருக்கும், வளைத்தால் படக்கென்று ஒடியும். இது அப்படியில்லை. கீறிய இடத்தில் ஈரத்தோடு பளிச்சென்ற பச்சை, வளைத்தால் நார் போல வளைந்தது. நாலு பக்கமும் நாலு குச்சியில் கீறிப் பார்த்தேன், நாலும் பச்சை. விலைச்சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

மரத்தின் பெயர் டாமராக். லார்ச் இனத்தில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் கனடாவின் வடகாடுகளிலும் வளர்வது. ஊசியிலை மரங்களில் இலையை முழுக்க உதிர்ப்பவை மிகக் குறைவு. லார்ச் வகைகள், அமெரிக்கத் தென்பகுதிச் சதுப்புகளில் நிற்கும் பால்ட் சைப்ரஸ், சீனாவின் பொன் லார்ச், அப்புறம் டான் ரெட்வுட். இந்தக் கடைசி மரத்தைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஜப்பானியத் தாவர அறிஞர் ஷிகெரு மிக்கி 1941இல் அதைப் புதைபடிவங்களை மட்டும் வைத்து விவரித்தார். அழிந்துபோன மரம் என்றுதான் உலகம் நினைத்திருந்தது. அதே பத்தாண்டுக்குள் சீனாவின் ஹூபெய் பகுதியில் அது உயிரோடு நிற்பது தெரியவந்தது. இன்று பல நாட்டுப் பூங்காக்களில் இலையுதிர் காலத்தில் செம்பு நிறத்தில் உதிர்ந்துகொண்டிருக்கிறது.

2022 மே முதல் வாரம் டாமராக்கில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. இரண்டு மூன்று நாளில் ஒவ்வொரு புள்ளியும் சவர பிரஷ் போல விரிந்தது. கையில் உரசினால் பூனைக்குட்டியின் ரோமம் மாதிரி மெத்தென்று இருந்தது. நடு நடுவே சுண்டுவிரல் நகத்தளவு சிவப்பு மொட்டுகள், ரோஜாவைச் சுருக்கி வைத்ததுபோல. அவைதான் அந்த ஆண்டின் காய்கள். அக்காவை வேலிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். “சொன்னனானெல்லோ” என்று சொல்லிவிட்டு, அவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏன் உதிர்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான். ஆனால் வேலை தொடங்கியது வேறு ஒரு காரணத்தால். 2022 மே 21 அன்று பெரும் புயல்வரிசை ஒன்று தென் ஒன்டாரியோ வழியாக வந்து ஒட்டாவாவைப் புரட்டிப் போட்டது. எங்கள் பகுதியில் எத்தனையோ மரங்கள் சாய்ந்தன. எங்கள் இரண்டும் நின்றுவிட்டன. பைனிலிருந்து ஒரு பெரிய கிளை மட்டும் முறிந்து புல்தரையில் கிடந்தது. உச்சியில் இருந்த கிளை, ஏணி வைத்தாலும் எட்டாதது. அதை அப்படியே கொட்டகைக்கு இழுத்துப் போய் இரண்டு முக்காலிகளின் மேல் கிடத்தினேன்.

வெள்ளை பைன் தன் வயதைக் கிளையிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறைதான் அது நீளும். அந்த ஆண்டு நீண்ட பகுதியின் முடிவில் பக்கக் கிளைகள் ஒரு வட்டமாகக் கிளம்பும். ஆகவே நுனியிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டே வந்தால் ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடையில் இருப்பது ஓர் ஆண்டு. நுனியில் மெழுகுவத்தி போல வெளுத்த தளிர், 2022. அதற்கு உள்ளே 2021, முழுக்க ஊசி. அதற்கும் உள்ளே 2020, அங்கே ஒன்றிரண்டு கொத்துகள்தான். 2019 பகுதியில் வெறும் பட்டை. ஒவ்வொரு கொத்திலும் ஐந்து ஊசிகள். உதிரும்போதும் ஊசி ஊசியாக இல்லாமல் ஐந்தும் சேர்ந்த கொத்தாகவே உதிர்கிறது.

அக்கா சொன்ன ‘பழசு’ கிளையில் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. என்றும் பசுமை என்றால் இலை உதிராது என்று அர்த்தம் இல்லை. எல்லா இலையும் ஒரே நேரத்தில் உதிராது என்பதுதான் அர்த்தம். வெள்ளை பைன் தன் ஊசியை இரண்டு, சில சமயம் மூன்று பருவம் வைத்திருக்கும். ஸ்ப்ரூஸ் அதைவிட அதிக ஆண்டுகள். அமெரிக்க மேற்கு மலைகளின் பிரிசில்கோன் பைன் முப்பது ஆண்டுகூட ஒரே ஊசியை வைத்திருக்கக்கூடியது. வேப்பமரத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். பங்குனியில் பழுத்த இலை கொட்டும்போதே கொழுந்து விடுகிற மரம் அது.

சரி, முறிந்த கிளையில் பார்த்ததை உயிருள்ள கிளையில் உறுதி செய்யலாம் என்று ஜூலையில் கம்பளி நூல் கட்டினேன். கைக்கு எட்டும் உயரத்தில் ஆறு கிளைகள். 2022 வளர்ச்சிக்குச் சிவப்பு, 2021க்கு நீலம், 2020க்கு வெள்ளை. நூலை இறுக்கக் கூடாது, கிளை பருக்கும்போது வெட்டிவிடும். ஒரு விரல் நுழையும் தளர்ச்சி விட்டு முடிச்சுப் போட வேண்டும். கொத்துகளை எண்ணும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். ஒன்பது வயதுக்கு அவளுக்கு இருக்கிற பொறுமை எனக்கு இல்லை. ஒரு கிளையில் அவள் எழுதிய கணக்கு: சிவப்பு 71, நீலம் 62, வெள்ளை 9.

அக்டோபர் கடைசியில் அதே கிளையில் மறுபடி எண்ணினாள். சிவப்பு 70. நீலம் 11. வெள்ளை ஒன்றுமில்லை. மற்ற ஐந்து கிளைகளிலும் எண்கள் வேறு, கதை ஒன்றுதான். புதியது அப்படியே இருக்க, இரண்டாம் ஆண்டைக் கடந்த கொத்துகள்தான் மஞ்சளாகி உதிர்ந்திருந்தன.

அடுத்தது நிறம். எங்கிருந்து வருகிறது இந்த மஞ்சள்?

இதற்குச் செய்தது சமையலறை மேசைச் சோதனை. காபி ஃபில்டர் தாள், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், நாலு சின்னக் கண்ணாடி டம்ளர், தட்டுமுட்டுக் கடையில் வாங்கிய பழைய இடிகல். இந்த இடிகல்லில் மறுபடி இஞ்சி பூண்டு தட்ட முடியாது என்பதால் தனியாக வாங்கினேன். செப்டம்பர் இரண்டாம் வாரம் பச்சையாக இருக்கும்போதே ஒரு முறை, அக்டோபர் 20 வாக்கில் மஞ்சளான பிறகு ஒரு முறை. இரண்டு மரத்திலிருந்தும் ஊசி எடுத்தேன்.

டாமராக் ஊசி கீரை மாதிரி. இரண்டு இடியில் மசிந்துவிடும். பைன் ஊசி மசியவே மாட்டேன் என்றது. மேலே மெழுகுப் பூச்சு, உள்ளே பிசின். கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி, ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து, ஒரு சிட்டிகை கழுவிய மணலோடு சேர்த்து இடித்த பிறகுதான் வழிக்கு வந்தது. இந்த வித்தியாசத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதுதான் பதில் ஆகப்போகிறது.

முதல் முயற்சி வீணாகப் போனது. வீட்டில் இருந்த 70 சதவீத ஆல்கஹாலை ஊற்றினேன். அதில் தண்ணீர் அதிகம், பச்சையம் தண்ணீரில் கரையாது. தாளில் ஏறியது ஒரு கலங்கல் கறைதான். மருந்துக்கடையில் 99 சதவீதம் வாங்கி வந்து செய்ததும் நன்றாகக் கரைந்தது. இது எளிதில் தீப்பிடிக்கும் திரவம். அடுப்பில் சூடு காட்டவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, டம்ளரை வெந்நீர்க் கிண்ணத்தில் இருபது நிமிடம் நிறுத்தினால் போதும்.

இரண்டாவது சிக்கல், பைன் சாறு. இடித்தபோது பச்சையாக இருந்தது வெந்நீரில் வைத்ததும் பாசி படிந்த பழுப்பாக மாறிவிட்டது. சாயங்காலம் ஊருக்கு ஃபோன் பேசும்போது அம்மாவிடம் சொன்னேன். “கீரையை மூடி வச்சு வேக வச்சா கறுத்துப் போகுமில்லா, அது மாதிரித்தான். ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடு” என்றார்கள். காரணமும் அதுவேதான். பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. இலையிலிருக்கும் அமிலம் பட்டால் அது கழன்றுவிடும், பச்சை மங்கிவிடும். கீரையை மூடாமல் வேகவைத்தால் அமிலத்தில் ஒரு பகுதி ஆவியோடு போகிறது. மூடினால் அங்கேயே தங்குகிறது. இடிக்கும்போதே துளி சோடா சேர்த்ததும் பைன் சாறு பச்சையாகவே நின்றது.

தாளை விரலளவு பட்டையாக வெட்டி, அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே சாற்றைக் குச்சி முனையால் தொட்டு வைத்து, காய்ந்ததும் மறுபடி அதே இடத்தில், இப்படி ஏழெட்டு முறை. பிறகு பட்டையின் அடி மட்டும் ஆல்கஹாலில் நனைகிற மாதிரி பென்சிலில் மாட்டித் தொங்கவிட்டேன். அரை மணி நேரத்தில் நிறங்கள் பிரிந்து ஏறிவிட்டன.

செப்டம்பர் ஊசிகள், பைனும் சரி டாமராக்கும் சரி, பச்சைக் கோட்டுக்கு மேலே ஒரு மெல்லிய மஞ்சள் விளிம்பைக் காட்டின. கவனித்துப் பாருங்கள், அப்போது மரத்தில் ஒரு மஞ்சள் ஊசிகூட இல்லை. அக்டோபர் ஊசிகளில் அதே உயரத்தில் அதே மஞ்சள் விளிம்பு இருந்தது. கீழே இருந்த பச்சைதான் காணாமல் போயிருந்தது. மகள் நாலு பட்டைகளையும் ஜன்னல் கண்ணாடியில் வரிசையாக ஒட்டி வைத்து, “மஞ்சள் முன்னாடியே உள்ள இருந்திருக்குப்பா, பச்சை அதை மூடிக்கிட்டு இருந்திருக்கு” என்றாள். நான் எத்தனை பக்கம் படித்தாலும் எனக்கு அவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

அந்த மஞ்சள் கரோட்டினாய்டு. கேரட்டின் நிறமும் இந்தக் குடும்பம்தான். ஊசியில் அது எப்போதும் இருக்கிறது. பச்சையத்தோடு சேர்ந்து ஒளியைப் பிடிக்கும், ஒளி மிஞ்சினால் கேடு வராமல் காக்கும். நாள் சுருங்கத் தொடங்கியதும் மரம் பச்சையத்தைப் பிரித்துக் கலைக்க ஆரம்பிக்கிறது. ஒட்டாவாவில் ஜூனில் பகல் 15 மணி 40 நிமிடம். அக்டோபர் கடைசியில் பத்தேகால் மணி நேரம்தான். அந்தச் சுருக்கம்தான் மரத்துக்கு முதல் அறிவிப்பு, குளிர் அதை விரைவுபடுத்துகிறது. பச்சையத்தைத் தாங்கி நிற்கும் புரதங்களில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், நிறைய இருக்கிறது. அதை அப்படியே கீழே கொட்டிவிட மரத்துக்கு மனம் வராது. உடைத்து, கரைத்து, கிளைக்கும் மொட்டுக்கும் இழுத்துக்கொள்கிறது. கரோட்டினாய்டில் தழைச்சத்தே இல்லை. அதைக் கலைப்பதில் மரத்துக்குப் பெரிய அவசரமும் இல்லை. நாம் அழகு என்று பார்க்கும் பொன், மரம் எடுத்துக்கொண்டது போக மிச்சம் வைத்தது.

இதை எடை போட்டும் பார்த்தேன். ஆகஸ்டு கடைசியில் டாமராக்கிலிருந்து 500 பச்சை ஊசி, அக்டோபர் கடைசியில் தானாக உதிர்ந்த 500 ஊசி. இரண்டையும் ஒரே மாதிரி இளஞ்சூட்டு அடுப்பில் உலர்த்தி, நகைக்கடைத் தராசு மாதிரி நுட்பமான சின்னத் தராசில் வைத்தேன். பச்சை ஊசி 0.81 கிராம், உதிர்ந்தது 0.67. தண்ணீர் இரண்டிலும் இல்லை. குறைந்தது முழுக்க மரம் திரும்ப எடுத்துக்கொண்டது என்று சொல்ல மாட்டேன், மழையிலும் கொஞ்சம் கரைந்து போயிருக்கும். ஆனால் உதிர்கிற ஊசி பச்சை ஊசியைவிட இளைத்தது என்பது தராசிலேயே தெரிந்தது.

அப்படியானால் டாமராக் மட்டும் ஏன் எல்லாவற்றையும் உதிர்க்கிறது, பைன் ஏன் பாதியை வைத்துக்கொள்கிறது? இடிகல்லில் கிடைத்த பதிலை ஓலைக் கூரையையும் ஓட்டுக் கூரையையும் வைத்துச் சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். ஓலைக் கூரை செலவு குறைவு, ஆனால் ஆண்டுதோறும் பிரித்து வேய வேண்டும். ஓடு போட்டால் கைக்காசு நிறையப் போகும், பல மழைக்குத் தாங்கும். பைன் ஊசி ஓடு. தடித்த தோல், மெழுகு, பிசின், உள்ளே பள்ளத்தில் பதிந்த சுவாசத் துளைகள். இவ்வளவு போட்டுக் கட்டியதை ஒரே பருவத்தில் எறிந்துவிட்டால் போட்ட முதல் திரும்பாது. டாமராக் ஊசி ஓலை. மெல்லியது, மலிவானது. கோடையில் மும்முரமாக உணவு தயாரிக்கும், குளிருக்கு முன் சத்தை உருவிக்கொண்டு விட்டுவிடலாம்.

குளிர்காலத்தில் மரத்தை வாட்டுவது வெறும் குளிர் இல்லை, தாகமும்தான். மண்ணின் நீர் உறைந்து கிடக்கும். வேர் உறிஞ்ச முடியாது. ஆனால் பிப்ரவரி வெயிலும் காற்றும் ஊசியிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் ஊரில் தேக்கு வறண்ட காலத்தில் இலை உதிர்ப்பதும் தண்ணீர் கிடைக்காததால்தான். இங்கே தண்ணீர் இருக்கிறது, கல்லாக இருக்கிறது. மெழுகுக் கவசம் போட்ட பைன் இதைச் சமாளிக்கிறது. கவசம் இல்லாத டாமராக் இலையே இல்லாமல் இருந்துவிடுகிறது. அப்படி இருந்தே மரங்கள் வளரக்கூடிய வடக்கு எல்லை வரைக்கும் அது போய் நிற்கிறது.

அந்த அக்டோபரில் மேர் ப்ளூ சதுப்புக்குப் போனோம். நகரத்தின் கிழக்கே, வண்டியில் அதிக தூரமில்லை. 1995இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம். ஸ்பாக்னம் பாசி மெத்தையின் மேல் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். இருபக்கமும் டாமராக்கும் கறுப்பு ஸ்ப்ரூஸும் தோளோடு தோள் நிற்கின்றன. ஒன்று பொன், ஒன்று கிட்டத்தட்டக் கறுப்பு. ஒரே சேறு, ஒரே குளிர், ஆனால் பிழைக்கும் வழி நேர் எதிர். தழைச்சத்துக்கு அவ்வளவு பஞ்சம் பிடித்த மண் அது. இப்படிப்பட்ட சதுப்புகளில்தான் பூச்சியைப் பிடித்துச் சத்து எடுக்கும் குடுவைச் செடிகள் வளர்கின்றன. அந்தப் பஞ்சத்தில் நின்றுகொண்டு ஆண்டுக்கு ஒரு முறை மொத்த இலையையும் விடுகிற மரம், விடுவதற்கு முன் எவ்வளவு கவனமாகச் சத்தை உருவிக்கொள்ள வேண்டும் என்று அங்கே நின்றபோது மனதில் பட்டது. வீட்டு மூலையில் சொதசொதப்பை வடிக்க ஒரு வாய்க்கால் வெட்டலாம் என்று வைத்திருந்த திட்டத்தை அன்றே கைவிட்டேன். அந்த மரத்துக்கு அது பழகிய இடம்.

உதிர்வதைக் கிட்டத்தில் பார்க்கப் பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்று வாங்கினேன். டாமராக் கிளையில் சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும், மிளகு அளவு. ஊசிகள் கொத்தாகக் கிளம்புவது அதன் தலையிலிருந்துதான். எண்ணிய குமிழ்களில் 14, 17, 19, 22 என்று இருந்தன. செப்டம்பரில் ஒரு பச்சை ஊசியைப் பிடித்து இழுத்தால் அடியில் கொஞ்சம் நார் கிழிந்து வந்தது. அக்டோபர் கடைசியில் விரல் பட்டாலே போதும், சுத்தமாகக் கழன்றது. இந்த இரண்டு மாதத்துக்குள் ஊசியின் அடியில் ஓர் அடுக்கு உருவாகி, செல்களின் பிடிப்பு தளர்ந்து, மரத்தின் பக்கம் புண் மூடியும் விடுகிறது. காற்று வந்து பறித்ததாக நமக்குத் தோன்றும். கழற்றி வைத்தது மரம்தான்.

அந்தக் குமிழைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தபோது அடுக்கடுக்காக வளையங்கள். ஒவ்வொரு ஆண்டும் மொட்டின் செதில்கள் விட்டுப்போன தழும்பு ஒரு வளையம். பழைய கிளையில் ஒரு குமிழில் ஏழு எண்ணினேன். அந்த மிளகளவுக் குமிழ் ஏழு முறை ஊசிகளை உதிர்த்து, மறுபடி அதே இடத்தில் விட்டிருக்கிறது. 2021 அக்டோபரில் நான் செத்துவிட்டதோ என்று பயந்து நின்றபோது உதிர்ந்ததற்கும் அதில் ஒரு வளையம் இருக்கிறது.

இதையெல்லாம் தெருவில் சொன்ன பிறகு இலையுதிர் காலம் வந்தால் இரண்டு மூன்று பேர் ஃபோனில் மரத்தின் படம் அனுப்புகிறார்கள். எல்லா மஞ்சளும் நல்ல மஞ்சள் இல்லை, அதனால் நான் முதலில் கேட்பது மஞ்சள் உள்ளேயா நுனியிலா என்று. உள்ளே, மரம் முழுக்க ஒரே சீராக, செப்டம்பர் அக்டோபரில் என்றால் பழைய ஊசி போகிறது. வேலியாக வைக்கும் வெள்ளை சீடரில் உட்பக்கச் சின்னக் கிளைகளே துருநிறமாகிக் கொத்தோடு விழும், அதுவும் இதே கணக்குதான். புதிய நுனி வெளிறினாலோ, வசந்தத்திலோ கோடையிலோ கொட்டினாலோ, ஒரே ஒரு கிளை மட்டும் செந்நிறமாகக் காய்ந்தாலோ கவலைப்பட வேண்டும். நீல ஸ்ப்ரூஸில் கீழ்க்கிளைகள் உள்ளிருந்து கோடையில் உதிர்ந்தால் பூஞ்சை நோயாக இருக்கலாம். சாலையைப் பார்த்த பக்கம் மட்டும் வசந்தத்தில் பழுப்பானால் பெரும்பாலும் குளிர்காலத்தில் சாலையில் போட்ட உப்பு. வெள்ளை பைனுக்கு உப்பு கொஞ்சமும் ஆகாது. அப்படி ஒரு படம் வந்தால் மரநோய் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்கிறேன், அவர் கிளையைத் தொட்டுப் பார்க்கிறவரா என்று கவனிக்கவும் சொல்கிறேன்.

எங்கள் மரங்களுக்கு நான் செய்தது கொஞ்சம்தான். செப்டம்பரில் உரம் போடுவதை நிறுத்தினேன், குளிருக்கு முன் இளம் தளிரைக் கிளப்பிவிட்டால் அது கருகும். மண் உறைவதற்கு முன் பைனுக்கு மட்டும் நிதானமாக இரண்டு முறை தண்ணீர். விழுந்த ஊசியில் பாதியை அதன் அடியிலேயே பரப்பி, தண்டிலிருந்து ஒரு முழம் விட்டுவிட்டேன். பைன் ஊசி மண்ணைப் புளிக்க வைத்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். மண்ணின் அமிலத்தன்மையை அது அப்படியொன்றும் மாற்றிவிடுவதில்லை. மீதிப் பாதி பூண்டுப் பாத்திக்குப் போனது. இங்கே பூண்டு நடுவது அக்டோபரில்தான், மேலே மூடாக்குப் போட்டுவிட்டால் அடுத்த ஜூலை வரை கவலையில்லை. ஊசி ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் காற்றில் பறக்காது.

2023 ஜூலையில் நூலை மாற்றினோம். 2020 பகுதியில் வெள்ளை நூல் வெறும் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் அதை அவிழ்த்து, இரண்டு முறை உதறி, அந்த ஆண்டு வந்த புதுத் தளிரில் ஒரு விரல் தளர்ச்சி விட்டுக் கட்டினாள். நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் எடுத்து எழுதினாள்: வெள்ளை 68, சிவப்பு 70, நீலம் 8.